சந்தா கேட்டு அலைந்த பத்திரிகைக்காரி

புதன், டொராண்டோ

கிங் தெரு கிழக்கில் 143-ஆம் எண்ணைத் தேடிப் போனால் பார்க்கப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தெரு நடுவே டிராம் ஓடுகிறது, காபி கோப்பையோடு அலுவலகத்துக்கு விரைகிறவர்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள். நினைவுப் பலகை ஒன்று உண்டு. நான் அதைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் வேறு யாரும் நிற்கவில்லை.

1854 மார்ச் 25, சனிக்கிழமை முதல் இந்த முகவரியிலிருந்து 'பிராவின்ஷியல் ஃப்ரீமன்' என்ற வாரப் பத்திரிகை வந்தது. அடிமை முறை ஒழிப்பு, மதுவிலக்கு, பொது இலக்கியம் ஆகியவற்றுக்கான ஏடு என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. நடத்தியவர் மேரி ஆன் ஷாட், அப்போது வயது முப்பது, பள்ளி ஆசிரியை, மணமாகாதவர். வட அமெரிக்காவில் ஒரு பத்திரிகையை நிறுவி அதன் ஆசிரியராகவும் இருந்த முதல் கறுப்பினப் பெண் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள்.

ஆனால் அன்று முகப்பில் ஆசிரியராக இருந்த பெயர் வேறு. சாமுவேல் ரிங்கோல்ட் வார்ட். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, மேடைப் பேச்சால் பெயர் வாங்கிய பாதிரியார். அவர் 1853 ஏப்ரலிலேயே நிதி திரட்ட இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஊரிலேயே இல்லாத மனிதர் ஆசிரியர்! மேரி ஆன் தனக்கு வைத்துக்கொண்டது வெளியீட்டு ஏஜெண்ட் என்கிற பொறுப்பு. பெயரும் 'எம். ஏ. ஷாட்' என்று மொட்டையாக.

இந்த ஏஜெண்ட் விஷயம்தான் என்னை இழுத்தது. நான் சென்னையில் ஒரு வார இதழின் சந்தாப் பிரிவில் வெகு காலம் வேலை பார்த்தவள். ஆசிரியர் குழு மாடியில் இருக்கும். நாங்கள் கீழே மணியார்டர் கூப்பன்களோடு இருப்போம். தலையங்கம் எழுதியவரை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும். பாக்கி வசூலித்தவர்களை யாரும் கேட்பதில்லை. மேரி ஆன் இரண்டையும் செய்தவர். அவர் எழுதியதைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். சந்தா கேட்டு அவர் போன ஊர்களுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பியிருக்கிறேன்.

நாலு எட்டு வைத்தால் செயின்ட் லாரன்ஸ் ஹால். 1850-இல் கட்டியது, இன்னும் மிடுக்காக நிற்கிறது. 1851 செப்டம்பரில் இங்கேதான் வட அமெரிக்காவின் சுதந்திரக் கறுப்பின மக்கள் மாநாடு கூடியது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க காங்கிரஸ் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. பிடிபட்டவரை எஜமானிடம் திருப்பி அனுப்பினால் விசாரணை ஆணையருக்கு 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். இதற்கு மேல் அந்தச் சட்டத்தை விளக்கத் தேவையில்லை. சுதந்திரமாகப் பிறந்தவர்களையும் பிடித்துக்கொண்டு போகலாம் என்ற நிலை வந்ததும் வடக்கே, பிரிட்டிஷ் கொடியின் கீழ் இருந்த கனடாவுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அங்கே 1834 ஆகஸ்ட் 1 முதல் அடிமை முறை இல்லை. மாநாட்டுக்கு வந்த மேரி ஆனிடம், 'விண்ட்ஸருக்கு வாருங்கள், அகதிகளின் பிள்ளைகளுக்கு ஆசிரியர் இல்லை' என்று கேட்டவர்கள் ஹென்றி பிப், மேரி பிப் தம்பதியர். பின்னால் இவர்களோடு அவர் போட்ட சண்டையை விண்ட்ஸரில் சொல்கிறேன்.

வாசகர்களுக்கு இந்த எம். ஏ. ஷாட் யார் என்று தெரியாது. 'திருவாளர் ஷாட் அவர்களுக்கு' என்று கடிதங்கள் வந்தன. 1854 ஆகஸ்டில் அவர் பத்திரிகையிலேயே ஒரு குறிப்புப் போட்டார்: முழுப் பெயர் மேரி ஏ. ஷாட், இந்த மிஸ்டர், எஸ்குயர் எல்லாம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு இது.

வியாழன், 401 நெடுஞ்சாலை, பக்ஸ்டன்

அண்ணன் மகள் கயல் காரை ஓட்டுகிறாள். 401 நெடுஞ்சாலையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. லாரி, லாரி, மறுபடியும் லாரி, பிறகு சோள வயல்.

"அத்தை, அப்ப இவங்கதான் முதல் கறுப்பினப் பத்திரிகைக்காரரா?" என்று கேட்டாள்.

இல்லை. முதல் பத்திரிகை நியூயார்க்கில் 1827 மார்ச் 16-இல் வந்த 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்'. சாமுவேல் கார்னிஷ், ஜான் ரஸ்வர்ம் என்ற இருவர் தொடங்கியது. எங்கள் வழக்கை நாங்களே வாதாட விரும்புகிறோம், இத்தனை காலம் எங்களுக்காக மற்றவர்கள் பேசியது போதும் என்று முதல் இதழிலேயே எழுதினார்கள். மேரி ஆனுக்கு அப்போது மூன்று வயது. இரண்டே ஆண்டுகளில் ரஸ்வர்ம் மனம் மாறி, ஆப்பிரிக்காவுக்கே போய்விடலாம் என்று லைபீரியாவுக்குக் கப்பல் ஏறினார். 1847-இல் ராசெஸ்டரில், அடிமையாக இருந்து தப்பி வந்த பேச்சாளர் ஃப்ரெடரிக் டக்ளஸ் 'நார்த் ஸ்டார்' தொடங்கினார். அவர் கட்சி அமெரிக்காவிலேயே இருந்து போராட வேண்டும் என்பது. போவதா இருப்பதா என்ற இந்த வழக்கில் மேரி ஆன், போகலாம், ஆனால் கனடாவுக்கு, போன இடத்தில் குடிமக்களாக வாழ வேண்டும் என்றார். டக்ளஸின் ஏட்டில் 1849-லேயே அவருடைய கடிதம் ஒன்று வந்தது. பேச்சைக் குறைத்துச் செயலைக் கூட்ட வேண்டும் என்பது அதன் சாரம். இருபத்தைந்து வயதுக்காரி, கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றியே காலம் தள்ளிய பெரியவர்களைப் பார்த்துச் சொன்னது.

சாட்டம் ஊருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் பக்ஸ்டன். தட்டையான நிலம், நேர்கோட்டுச் சாலைகள். அருங்காட்சியகம் இருக்கும் சாலைக்கே ஏ. டி. ஷாட் சாலை என்று பெயர். மேரி ஆனின் அப்பா ஆபிரகாம் டோரஸ் ஷாட் பெயர் அது. செருப்புத் தைக்கும் தொழிலாளி. அமெரிக்காவில் இருந்தபோது காரிஸன் நடத்திய அடிமை ஒழிப்பு ஏடான 'லிபரேட்டர்' பத்திரிகைக்கு ஏஜெண்ட், கூடவே தப்பி வருகிறவர்களுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தவர். ஆக மகள் சந்தாப் புத்தகத்தை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர். அப்பா 1850-களில் குடும்பத்தோடு இங்கே வந்து விவசாயம் செய்தார். 1859-இல் ராலே நகரியச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கனடாவில் தேர்தலில் வென்று பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

பக்ஸ்டன் கதையில் எனக்குச் சுவையாக இருந்தது அதன் விதிகள். வில்லியம் கிங் என்ற பாதிரியார், தனக்கு உரிமையாக வந்திருந்த அடிமைகளை விடுவித்து, 1849-இல் 9,000 ஏக்கரில் இந்தக் குடியேற்றத்தைத் தொடங்கினார். ஒரு குடும்பத்துக்கு 50 ஏக்கர், ஏக்கர் 2.50 டாலர், பத்து வருடத் தவணை. வீடு 24-க்கு 18 அடிக்குக் குறையக் கூடாது, சாலையிலிருந்து 33 அடி தள்ளி இருக்க வேண்டும், முன்னால் வேலியும் பூந்தோட்டமும் கட்டாயம். முக்கியமான விதி, யாரும் இனாமாகத் துணியோ பணமோ வாங்கக் கூடாது. பிட்ஸ்பர்க் நகரக் கறுப்பின மக்கள் 1850-இல் அனுப்பிய மணி ஒன்று உண்டு. அதை மட்டும் ஊர் ஏற்றுக்கொண்டது. புதிதாக ஒருவர் தப்பி வந்து சேரும்போதெல்லாம் அந்த மணியை அடிப்பார்களாம்.

இனாம் வாங்காத ஊரை மேரி ஆனுக்குப் பிடிக்காமல் போகுமா? கறுப்பினத்தவர் தனியாக ஒதுங்கி வாழும் குடியிருப்புகளை அவர் பொதுவாக ஏற்கவில்லை. பக்ஸ்டன் விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்பா அம்மா வேறு பக்கத்திலேயே இருந்தார்கள்.

வெள்ளி, சாட்டம்

1855-இல் பத்திரிகை டொராண்டோவிலிருந்து இங்கே மாறியது. டொராண்டோவில் செலவு அதிகம், வாசகர் இங்கே அதிகம். 1850-களில் இந்த ஊரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். துப்பாக்கி செய்பவர், கடிகாரம் பழுது பார்ப்பவர், மருத்துவர், மளிகைக்கடைக்காரர் என்று எல்லாத் தொழிலிலும் இருந்தார்கள். பிரின்ஸஸ் தெருப் பக்கம் பி.எம்.இ. ஃப்ரீடம் பூங்காவில் மேரி ஆனுக்கு வெண்கல மார்பளவுச் சிலை இருக்கிறது. செய்தவர் ஆர்ட்டிஸ் லேன், பக்ஸ்டனில் பிறந்தவர், ஷாட் குடும்பத்து வழியில் வந்தவர்.

இடமாற்றத்தின்போது இன்னொரு மாற்றமும் நடந்தது. ஆசிரியர் ஒரு பெண் என்று வெளியே தெரிந்த பிறகு முணுமுணுப்பு நிற்கவில்லை. 1855 ஜூன் கடைசியில் வில்லியம் நியூமன் என்ற பாதிரியாரை ஆசிரியராக்கிவிட்டு, விடைபெறும் குறிப்பு ஒன்று எழுதினார். அதில் கறுப்பினப் பெண்களுக்கு ஒரு வார்த்தை: விரும்பியோ விரும்பாமலோ, ஆசிரியர் நாற்காலியைச் சுற்றி இருந்த பனிக்கட்டியை உங்களுக்காக உடைத்துவிட்டோம், விருப்பமுள்ளவர்கள் எத்தனை பேர் ஆனாலும் வாருங்கள், பத்திரிகை நடத்துங்கள். விடைபெற்றார் என்றுதான் பெயர். வேலை விடவில்லை. தம்பி ஐசக் நிர்வாகத்தைப் பார்க்க, தங்கை அமீலியா எழுத்தில் கைகொடுக்க, மேரி ஆன் ஊர் ஊராகப் போய்ப் பேசி, சந்தா சேர்த்தார். மிச்சிகன், ஒஹாயோ, இல்லினாய், பென்சில்வேனியா. ஒரு பெண் தனியாக ரயிலிலும் குதிரை வண்டியிலும் போய், கூட்டம் போட்டுப் பேசி, கடைசியில் காசு கேட்க வேண்டும். கறுப்பினத்தவரை ஏற்றாத வண்டிகளும் வழியில் இருந்தன. எனக்கு மாம்பலத்திலிருந்து மதுரை வரை போய்ப் பாக்கி கேட்கவே நாக்கு எழாது.

1856 ஜனவரியில் தாமஸ் கேரி என்பவரை மணந்தார். டொராண்டோவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர், முன்பே மனைவியை இழந்தவர், குழந்தைகள் உண்டு. கணவர் டொராண்டோவில், மனைவி சாட்டத்தில் அச்சகத்தில். இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள். கேரி 1860-இல் இறந்துபோனார்.

கிங் தெரு கிழக்கில் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சர்ச்சுக்கும் போனோம். 1858 மே மாதம் ஜான் பிரவுன் தன் ரகசிய மாநாட்டை நடத்தியது இந்த ஊரில், இந்தச் சபையும் அதில் ஓர் இடம். அமெரிக்காவில் ஆயுதம் எடுத்து அடிமைகளை விடுவிக்க ஒரு படை, அதற்கு ஓர் அரசியல் சாசனம், இதுதான் பேச்சு. கலந்துகொண்டவர்களில் ஆஸ்போர்ன் பெரி ஆண்டர்சன் என்ற இளைஞர், 'ஃப்ரீமன்' அச்சகத்தில் வேலை பார்த்தவர். 1859 அக்டோபரில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கிய குழுவில் அவரும் இருந்தார். அந்தக் குழுவின் கறுப்பினத்தவரில் உயிரோடு தப்பி வந்தவர் அவர் ஒருவரே. அவர் சொன்னதை 1861-இல் புத்தகமாக்க, எழுத்தைச் செப்பனிட்டு உதவியவர் மேரி ஆன்.

ரயில் நிலையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1858 செப்டம்பரில் ஒரு வெள்ளைக்காரரோடு ரயிலில் வந்துகொண்டிருந்த கறுப்பினச் சிறுவனை, எல்லை தாண்டி விற்கக் கொண்டுபோகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நூறு பேருக்கு மேல் திரண்டு வண்டியை மறித்து இறக்கிவிட்டார்கள். ஐசக் ஷாட் உள்படச் சிலர் மேல் வழக்கு வந்தது. பத்திரிகை ஏற்கெனவே கடனில் தள்ளாடிக்கொண்டிருந்த நேரம். இன்று நமக்குக் கிடைக்கும் இதழ்கள் 1857 செப்டம்பரோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகும் விட்டு விட்டு வந்ததாகச் சொல்கிறார்கள். பத்திரிகை சாகும் விதம் எனக்குத் தெரியும். ஒரே நாளில் சாகாது. முதலில் ஒரு வாரம் தப்பும், அப்புறம் இரண்டு வாரம், அப்புறம் 'அடுத்த இதழ் விரைவில்' என்ற அறிவிப்பு.

சனி, விண்ட்ஸர்

இன்று நாள் முழுக்க இங்கேதான். ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் எதிரே டெட்ராய்ட் தெரிகிறது. விசித்திரம் என்னவென்றால் இந்த இடத்தில் கனடா அமெரிக்காவுக்குத் தெற்கே இருக்கிறது. விடுதலை வடக்கே என்று பாடி வந்தவர்கள் கடைசி அரை மைலைத் தெற்கு நோக்கிக் கடந்திருக்கிறார்கள்.

மேரி ஆன் 1851 இலையுதிர் காலத்தில் இங்கே வந்து பள்ளி தொடங்கினார். கட்டடம் 1812 போர்க்காலத்துப் பழைய படைவீடு, இடிந்த நிலையில். பகலில் பிள்ளைகள், இரவில் பெரியவர்கள். எந்த நிறத்தவரும் வரலாம் என்றார். இங்கேதான் சண்டை தொடங்கியது.

ஹென்றி பிப் கென்டக்கியில் அடிமையாக இருந்து பலமுறை தப்பி, பலமுறை பிடிபட்டு, கடைசியில் வென்றவர். 1851 ஜனவரி 1 முதல் 'வாய்ஸ் ஆஃப் த ஃப்யூஜிட்டிவ்' என்ற பத்திரிகை நடத்தினார். கனடாவில் கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகைகளில் முன்னோடி அது. அவர் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அரசு தரும் தனிப்பள்ளி இருக்கட்டும் என்றார். மேரி ஆன் கூடாது என்றார். பிப் அகதிகளுக்கு நிலம் வாங்கித்தர அமெரிக்காவில் நன்கொடை திரட்டிய சங்கத்தின் முக்கியப் புள்ளி. மேரி ஆன் அதைப் பிச்சை என்றே எழுதினார். கனடாவில் கை கால் உள்ளவனுக்கு வேலை இருக்கிறது, நிலம் மலிவு, ஏஜெண்டுகள் ஊர் ஊராகப் போய்க் 'கந்தலோடு நிற்கும் அகதி' என்று சொல்லிக் காசு வாங்கினால் உலகம் நம்மைக் கந்தலாகவே பார்க்கும் என்பது அவர் வாதம். வாங்கிய காசு முழுதாக வந்து சேருகிறதா என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது, அதை அவர் மறைத்துப் பேசவில்லை.

பிப்பிடம் பத்திரிகை இருந்தது, மேரி ஆனிடம் இல்லை. ஆகவே அடி ஒரு பக்கமாக விழுந்தது. மேரி ஆனின் பள்ளிக்கு அமெரிக்கன் மிஷனரி சங்கம் 125 டாலர் உதவி கொடுத்து வந்தது. அது தெரிந்தால் பெற்றோர்கள் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்ட மாட்டார்கள் என்று அவர் வெளியே சொல்லாமல் இருந்தார். பிப் அதை அச்சேற்றிவிட்டார். பிச்சை கூடாது என்று ஊருக்குச் சொல்கிறவர் ரகசியமாக உதவி வாங்குகிறார்! இந்த ஒரு விஷயத்தில் பிப் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். சம்பளம் வேறு, நன்கொடை வேறு என்று மேரி ஆன் சொல்லியிருக்கலாம். வெளிப்படையாகச் சொல்லிவிட்டே வாங்கியிருக்கலாம். சங்கத்துச் செயலாளருக்குப் பிப்பைப் பற்றி அவர் எழுதிய கடிதங்களில் காரம் அதிகம். 1853 தொடக்கத்தில் சங்கம் உதவியை நிறுத்தியது. பள்ளியும் போயிற்று.

அதே ஆண்டு மார்ச் 24-இல் 'பிராவின்ஷியல் ஃப்ரீமன்' முதல் இதழ் வந்தது. இங்கே, விண்ட்ஸரில். பத்திரிகை இல்லாததால் தோற்றவர் பத்திரிகை தொடங்கினார், இதில் புரியாதது ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த இதழ் வர முழுதாக ஒரு வருடம் ஆயிற்று. மாதிரி இதழைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், தேவையான சந்தா சேர்ந்த பிறகே டொராண்டோவில் வாரப் பத்திரிகையாகத் தொடர்ந்தார். சந்தாப் பிரிவில் இருந்த யாரைக் கேட்டாலும் இதுதான் சரியான முறை என்பார்கள். கடைப்பிடித்தவர்களை நான் பார்த்ததில்லை.

பிப்பின் அச்சகம் 1853 அக்டோபரில் தீயில் அழிந்தது. அவர் 1854 ஆகஸ்ட் 1 அன்று, விடுதலை நாளிலேயே, முப்பத்தொன்பது வயதில் இறந்தார். இரண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தால் ஒரு நல்ல பத்திரிகை பத்து வருடம் நின்றிருக்கும் என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை.

இந்த ஊரில் இருந்தபோதுதான் 1852-இல் கனடா மேற்கைப் (இன்றைய ஒண்டாரியோ) பற்றி 44 பக்கச் சிறுநூல் ஒன்றை எழுதி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெட்ராய்ட்டில் அச்சடித்தார். அதைப் போனில் படித்துக்கொண்டிருந்தேன். உணர்ச்சி வசப்படும் இடம் மிகக் குறைவு. மண் எப்படி, குளிர் எவ்வளவு, கோதுமை விளையுமா, கூலி என்ன, நிலத்தை எப்படி வாங்குவது, எந்தச் சர்ச்சில் கறுப்பினத்தவரைத் தனியே உட்கார வைக்கிறார்கள், ஓட்டுரிமை யாருக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். மெக்சிகோ, மேற்கிந்தியத் தீவுகள் போனால் என்ன ஆகும் என்றும் ஒப்பிடுகிறார். மூட்டை கட்டுகிறவனுக்கு வேண்டியது இதுதானே.

நகர மையத்தில், பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு அருகே, 2022-இல் அவருக்கு முழு உருவ வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். கையில் செய்தித்தாள். கயல் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். "அத்தை, சிலைல இவங்க சிரிக்கவே இல்லை, நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்காங்க."

ஞாயிறு, டெட்ராய்ட்

ஆற்றின் இரு கரையிலும், தப்பி வந்த அடிமைகளின் நினைவாகச் சிற்பி எட் டுவைட் செய்த சின்னங்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் அக்கரையைக் கைகாட்டுகிறார்கள், அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். கயல் என்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டாள். நாளை அவளுக்கு வேலை.

செவ்வாய், பிலடெல்பியா, வில்மிங்டன்

பிலடெல்பியாவில் அரை நாள்தான். 1855 அக்டோபரில் கறுப்பினத்தவரின் தேசிய மாநாடு இங்கே நடந்தது. மேரி ஆனை உறுப்பினராகச் சேர்ப்பதா என்று பெரிய விவாதம். பெண் என்பது ஒரு காரணம், கனடா போங்கள் என்று சொல்பவர் என்பது இன்னொன்று. ஓட்டெடுப்பில் 38-க்கு 23 என்று அனுமதி கிடைத்தது. பத்து நிமிடம் பேசக் கொடுத்தார்கள். முடிந்ததும் அவையினரே இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார்கள்.

வில்மிங்டன், டெலவேர். ரயிலை விட்டு இறங்கினால் ஆற்றங்கரையில், அடிமைகள் தப்பிப் போக உதவிய ஹாரியட் டப்மன், தாமஸ் காரெட் இருவர் பெயரில் பூங்கா. 1823 அக்டோபர் 9-இல் மேரி ஆன் இந்த ஊரில் பிறந்தார், பதின்மூன்று பிள்ளைகளில் மூத்தவர். ஷாட் என்ற பெயர், பிரிட்டிஷ் படையோடு வந்து காயம்பட்டு, தன்னைக் கவனித்த கறுப்பினக் குடும்பத்திலேயே பெண் எடுத்த ஜெர்மானிய வீரர் ஒருவரிடமிருந்து வந்தது என்பது குடும்பக் கதை.

டெலவேர் வினோதமான மாநிலம். 1860 கணக்கெடுப்பில் இங்கே அடிமைகள் 1,798 பேர், சுதந்திரக் கறுப்பினத்தவர் இருபதாயிரத்தை ஒட்டி. ஆனாலும் அந்த 1,798 பேரை விட மனமில்லாமல், நாடு முழுவதற்கும் அடிமை முறையை ஒழித்த அரசியல் சாசனத்தின் 13-ஆம் திருத்தம் வரும்வரை இழுத்தடித்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் படிப்பும் இல்லை. அதனால்தான் மேரி ஆனுக்குப் பத்து வயது இருக்கும்போது குடும்பம் பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டருக்குப் போய், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பள்ளியில் அவரைச் சேர்த்தது. படித்து முடித்ததும் அவர் செய்த முதல் காரியம், இங்கே திரும்பி வந்து கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது. வயது பதினாறு, பதினேழு.

அவர் பெயரை இப்போது டெலவேர் அவென்யூ தபால் நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள். தபாலை நம்பியே பத்திரிகை நடத்தியவருக்குப் பொருத்தமான மரியாதை. 2024-இல் கனடா தபால் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது, கவுண்டரில் அது கிடைக்குமா என்று கேட்டேன். வேறு நாட்டுத் தபால்தலையை எப்படி அம்மா நாங்கள் விற்பது என்று நியாயமாகத்தான் பதில் சொன்னார்கள்.

வியாழன், வாஷிங்டன்

டபிள்யூ தெரு வடமேற்கு, எண் 1421. செங்கல் வரிசை வீடு. 1881 முதல் 1885 வரை மேரி ஆன் இங்கே இருந்தார். தனியார் வீடு, வெளியே நின்று பார்க்கலாம். 1976-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள்.

உள்நாட்டுப் போர் வந்ததும் போவதா இருப்பதா என்ற வழக்கு தானாகத் தீர்ந்தது. கறுப்பினத் தலைவர் மார்ட்டின் டெலனி கேட்டுக்கொள்ள, 1863-இலும் 64-இலும் கறுப்பினப் படைப்பிரிவுகளுக்கு ஆள் சேர்க்கும் வேலையை ஏற்றார். இண்டியானா ஆளுநரின் அதிகாரபூர்வ நியமனத்தோடு. சந்தா சேர்த்த அனுபவம் வீண்போகவில்லை. போருக்குப் பின் வாஷிங்டனுக்கு வந்து பள்ளி ஆசிரியையானார், தலைமையாசிரியையும் ஆனார். 1869-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். பகலில் பள்ளி, மாலையில் வகுப்பு. பட்டம் கைக்கு வந்தது 1883-இல், அறுபதை எட்டும் வயதில். இடைப்பட்ட காலத்தில் 1871-இல் இந்த நகரத்தில் வாக்காளராகப் பதிய முயன்ற பெண்களில் ஒருவர், 1874-இல் பெண்கள் ஓட்டுரிமைக்காக நாடாளுமன்றத்தின் நீதிக்குழு முன் பேசியவர், 1880-இல் கறுப்பினப் பெண்களின் வாக்குரிமைக்கு ஒரு சங்கம் தொடங்கியவர். தம்பி ஐசக் மிசிசிப்பிக்குப் போய், 1874-இல் அந்த மாநிலப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகரானார். 'ஃப்ரீமன்' அச்சகத்தில் கணக்குப் பார்த்தவர்!

எனக்கு இதிலெல்லாம் பெரிதாகப் பட்டது வேறு. 1870-களில் ஃப்ரெடரிக் டக்ளஸின் வாஷிங்டன் பத்திரிகை 'நியூ நேஷனல் எரா'வுக்கு அவர் கட்டுரைகள் எழுதினார், அதோடு ஊர் ஊராகப் போய்ச் சந்தாவும் சேர்த்தார். ஐம்பதை நெருங்கும் வயதில், ஒரு காலத்தில் கனடா விஷயத்தில் தன்னோடு மோதியவரின் பத்திரிகைக்காக, மறுபடியும் ரயில், மறுபடியும் ரசீதுப் புத்தகம். சொந்தப் பத்திரிகை நடத்தியவர்கள் பலர் இன்னொருவர் பத்திரிகைக்கு இப்படி இறங்கிப் போக மாட்டார்கள்.

1893 ஜூன் 5-இல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். கொலம்பியன் ஹார்மனி கல்லறையில் புதைத்தார்கள். அந்த இடத்துக்குப் போக மெட்ரோ ரயிலில் ரோட் ஐலண்ட் அவென்யூ நிலையத்தில் இறங்க வேண்டும். போவதற்கு அதிக தூரம் இல்லை, நிலையமே அந்த இடம்தான். 1960-இல் கல்லறை நிலத்தை விற்று, சுமார் 37,000 பேரின் எச்சங்களைத் தோண்டி எடுத்து மேரிலாந்தின் லேண்டோவரில் உள்ள நேஷனல் ஹார்மனி நினைவுப் பூங்காவில் மறுபடி புதைத்தார்கள். கல்லறைக் கற்களைக் கொண்டுபோகவில்லை. அவற்றில் பல, கரை அரிக்காமல் இருக்க பொட்டோமக் ஆற்றங்கரையில் போடப்பட்டன. 2016-இல் வர்ஜீனியா மாநில செனட்டர் ஒருவர் தான் வாங்கிய நிலத்தின் கரையில் அவற்றைப் பார்த்தார். அதன் பிறகு அவற்றை எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் வேலை தொடங்கியது. ஆஸ்போர்ன் ஆண்டர்சனையும் 1872-இல் ஹார்மனியில்தான் புதைத்திருந்தார்கள். ஆசிரியரும் அச்சகத்து ஆளும் சேர்ந்தே இடம் மாறியிருக்கிறார்கள்.

நிலையத்தில் ஒரு சிறிய பலகை இருக்கிறது. உள்நாட்டுப் போர் வீரர்கள் உள்படப் பல புகழ்பெற்ற கறுப்பினக் குடிமக்கள் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தார்கள் என்று சொல்கிறது. பத்திரிகைக்காரர்கள் என்று இல்லை. அப்படிப்பட்ட வீரர்களை இண்டியானாவில் பேசிப் பேசிப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டவர் ஒருவரும் அவர்களோடு இங்கேதான் இருந்தார் என்பதும் அதில் இல்லை.